முளையை அடித்தது யார்?

பிரெஞ்சில் 'திரவாய்'. ஸ்பானிஷில் 'திரபாஹோ'. போர்ச்சுகீசியத்தில் 'திரபால்யு'. மூன்றுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: வேலை. கோடிக்கணக்கான பேர் தினமும் சொல்லிவிட்டுப் புறப்படுகிற சாதாரணச் சொல். இதன் வேர் லத்தீன் 'திரிபாலியும்' என்பதுதான் பெரும்பாலோர் சொல்வது. அதாவது மூன்று முளை. ஆளைக் கட்டி வதைப்பதற்கானது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஓசேர் நகரில் கூடிய திருச்சபைக் கூட்டம், குற்றவாளிகளை வதைக்கிற அந்த இடத்தில் பாதிரிமார் நிற்கக்கூடாது என்று விதி போட்டது. வதைக்கக்கூடாதுன்னு சொல்லலை. பாதிரியார் அங்கே நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த வரலாற்றைச் சொல்லும் படித்தவர்கள் முடிவில் சிரித்துக்கொண்டே ஒரு நீதியும் சொல்வார்கள்: 'பாத்தீங்களா, வேலைன்னாலே சித்திரவதைதான்.' இந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய பிரெஞ்சில் வேலை செய்வதற்கு 'ஊவ்ரே' என்று வேறு சொல் இருந்தது. 'திரவாயே' என்றால் வதைபடுவது, வதைப்பது. பிரசவ வேதனைக்கும் அதே சொல். லாடம் கட்ட மாட்டையும் குதிரையையும் பூட்டிவைக்கிற மரச்சட்டத்துக்கும் அதே பெயர். 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அது 'ஊவ்ரே'யைத் தள்ளிவிட்டு வேலை என்கிற இடத்தில் உட்கார்ந்தது. ருமேனிய மொழியிலும் வேலைக்குச் சொல்லும் 'முங்க்கா', வேதனை என்ற பொருளுடைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அப்படியென்றால் வேலை தானாக வதையாகிவிடவில்லை. ஒருத்தன் முளை அடித்தான், இன்னொருத்தன் கட்டுண்டான். 'வேலைன்னாலே வதை' என்று பொதுவாகச் சொல்லும்போது முளை அடித்தவன் நழுவிவிடுகிறான். வேலை செய்யாதவனும் வதைபட்டவன் கணக்கில் சேர்ந்துகொள்கிறான்.

ஸ்பெயினைப் பாருங்கள். 1783இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் ஓர் ஆணை போட்டார். தோல் பதனிடுகிறவர், கொல்லர், தையல்காரர், செருப்புத் தைக்கிறவர், தச்சர் இவர்களுடைய தொழில் கௌரவமானது. அதனால் குடும்பத்துக்கு இழுக்கில்லை. ஊர்ப் பதவிக்குத் தடையுமில்லை. இப்படி ஒரு ஆணை தேவைப்பட்டதென்றால் அதுவரை எப்படி இருந்திருக்கும்?

அந்த வரிசையில் முதல் பெயரைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கப்பா தோல் ஊறுகிற தொட்டியில் நின்றவர். விரலால் தொட்டே பதம் சொல்லுவார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். தொட்டி அவரை வதைக்கலை. அந்தக் கையைப் பார்த்து, டீயைத் தனிக் குவளையில் தூக்கி ஊத்தினானே, அதுதான் வதை.

சொல்லுக்கு வேர் தேடுகிறவர்கள் முளை மூன்று என்று எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை அடிச்சது யாருங்கிறதையும் சேர்த்து எழுதுங்க.