சாட்சியாகச் சுருங்கிய வாழ்வு: நோயல் ஓடெல் பற்றிய வரலாற்றெழுத்து குறித்த ஒரு திறனாய்வு

தாம்பரத்திற்கும் பரங்கிமலைக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி எழும் பல்லாவரக் குன்றுகளின் பாறை சார்னோக்கைட் எனப்படும். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் இப்பெயரை வழங்கினார். ஒரு பாறையினமே கல்லறையொன்றின் பெயரால் அறியப்படுவது வியப்புக்குரியது. இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 33 ஆண்டுகள் உழைத்த அவருடைய வாழ்வு நம் பாடநூல்களில் பெரும்பாலும் அந்த ஒரு நாளாகவே எஞ்சியுள்ளது.

ஒரு நாளாகக்கூட அன்றிச் சில நிமிடங்களாகவே சுருங்கிப்போன வாழ்வு நோயல் ஓடெலுடையது (1890–1987). முதல் உலகப்போரில் பிரித்தானியப் பொறியியற் படைப்பிரிவில் பணியாற்றி மும்முறை காயமுற்றவர். பின்னர் 1922 முதல் 1925 வரை ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் நிலவியலாளர். 96 ஆண்டுகள் வாழ்ந்த இவரை மலையேற்ற வரலாறுகள் அறிமுகப்படுத்தும் தொடரோ பெரும்பாலும் ஒன்றே: மாலோரியையும் இர்வினையும் இறுதியாகக் கண்டவர். 1924 ஜூன் 8, பகல் 12.50. மூடுபனி சற்றே விலக, எவரெஸ்ட்டின் வடகிழக்கு முகட்டில் இரு உருவங்கள் நகர்வதை அவர் கண்டார். பனி மீண்டும் மூடியது. அவ்விருவரும் திரும்பவில்லை.

இந்நிகழ்வில் வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. ஏறத்தாழ 26,000 அடி உயரத்தில், எவரெஸ்ட்டின் முதல் தொல்லுயிர்ப் படிவம் எனத் தாம் கருதியதைக் கண்டெடுத்த மகிழ்ச்சியில் ஓடெல் அப்போது இருந்தார். அதாவது, அவர் அன்று அங்கே கற்களைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணே முகட்டையும் நோக்கியது.

முதலில் எழுதிய குறிப்பில், இருவரும் சிகரத்தின் அடிக்கு அண்மையிலுள்ள பாறைப்படியில் இருந்தனர் என்னும் பொருள்பட அவர் கூறினார். 1925இல் வெளிவந்த பயண நூலிலோ, முகட்டின் சிறு பகுதியே தெரிந்தமையால் இரு படிகளுள் எது என உறுதி கூற இயலாது என்றார். இம்மாற்றத்தைச் சாட்சியத்தின் தளர்ச்சியாக வாசிப்பதே வழக்கம். ஐயம் எழுப்பியோரின் அழுத்தம் இதில் பங்கு பெற்றிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. எனினும் எண்ணெய் நிலவியலாளரின் தொழில்முறையை அறிந்தோர் இதனை வேறுவிதமாகவும் வாசிக்க இடமுண்டு. பாரசீகத்தின் சாக்ரோஸ் மலைத்தொடரில் எண்ணெய், வில்போல் மேல்நோக்கி மடிந்த அஸ்மாரிச் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் தங்குகிறது. மேலே உப்பும் ஜிப்சமும் கலந்த படிவங்கள் அதனை மூடிக் காக்கின்றன. நிலவியலாளருக்குத் தெரிவது மேற்பரப்பில் வெளிப்பட்ட பாறையின் சாய்வு மட்டுமே. ஆழத்திலுள்ள மடிப்பை அவர் ஊகிக்கிறார். துளையிடும் கருவி அவ்வூகத்தை உறுதி செய்யும், அல்லது கவிழ்த்துவிடும். கண்டது இது, கருதியது இது எனப் பிரித்துரைப்பதும், கருதியதைத் திருத்திக்கொள்வதும் அத்தொழிலில் இழுக்கல்ல. எவரெஸ்ட்டின் முகட்டில் ஓடெலின் ஊகத்தைச் சோதிக்கத் துளைக்கருவி ஏதும் இல்லை என்பதே வேறுபாடு. உருவங்களைக் கண்டதாகக் கூறியதை அவர் கைவிடவில்லை. இடத்தைப் பற்றிய கூற்றையே தளர்த்தினார்.

வேட் டேவிஸின் ‘இன்டூ தி சைலன்ஸ்’ (2011) இத்தலைமுறையைப் போரின் வழியே விளக்கும் பெருநூல். சோம் போர்முனையில் பீரங்கிப்படையில் இருந்த மாலோரிக்கு அவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. ஓடெலுக்கு அதே அளவில் பொருந்துவதாகத் தெரியவில்லை. போர் ஒருவரை மரணத்திற்கு அஞ்சாதவராக்கியது என்னும் வாய்பாடு இறந்தோருக்கு எளிதில் இசைகிறது. அதன்பின் 60 ஆண்டுகளுக்கு மேலாகப் பாறை, பனியாறு, வகுப்பறை என வாழ்ந்தவரிடம் அது திணறுகிறது.

தமிழ் மரபு இச்சிக்கலை அறியாததன்று. நடுகல் போரில் மடிந்தவனுக்கே உரியது. மீண்டவனுக்குக் கல் இல்லை. தொல்காப்பியம் கூறும் கல்நடு நிலைகளுள் முதலாவது ‘காட்சி’, அதாவது தக்க கல்லைக் காணுதல். கண்டவன் பெயர் அக்கல்லில் பொறிக்கப்படுவதில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, மகன் பிறந்தபின் வருமாறு விலக்கப்பட்ட பொத்தியாரும் பிரிவின் குரலாகவே நம் நினைவில் நிற்கிறார். அவரோ இறுதியில் திரும்பிவந்து, நடுகல்லான மன்னனருகே இடம் பெற்றார். ஓடெல் அவ்வாறு இடம் கேட்டவரல்லர். இந்த ஒப்புமை இங்கே முறிகிறது. முறியும் இடமே கருதத்தக்கது. இரங்கற்பாவின் இலக்கணத்தைக் கொண்டு உயிருடன் எஞ்சியவரின் வரலாற்றை எழுத முயல்வதே மலையேற்ற நூல்களின் அடிப்படைக் குறை.

அந்த இலக்கணத்துக்கு வெளியே நிற்பவை பல. 1936 ஆகஸ்ட் 29 அன்று, 45ஆம் வயதில், டில்மனுடன் 7,816 மீட்டர் உயர நந்தாதேவியின் உச்சியை அவர் அடைந்தார். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதர் அடைந்த மிக உயர்ந்த சிகரம் அதுவே. 1938இல் மீண்டும் எவரெஸ்ட் குழுவில் சென்றார். இரண்டாம் உலகப்போரில் வங்காளப் பொறியியற் படையில் பணியாற்றினார். 1950களில் நியூசிலாந்தின் ஒடாகோவிலும், 1960 முதல் 1962 வரை பெஷாவரிலும் நிலவியல் கற்பித்தார். பெஷாவர் சென்றபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. மாலோரியின் உடல் 1999 மே 1 அன்று கண்டெடுக்கப்பட்டபோது ஓடெலின் பெயர் மீண்டும் செய்திகளில் வந்தது, அந்த 12.50 மணியுடன் மட்டும். பெஷாவர் வகுப்பறைக்கு அந்நூல்களில் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இடமில்லை.