சைரன்செஸ்டர் சேவல்

ரோமானியக் கலை என்றாலே ஆளுயரப் பளிங்குச் சக்கரவர்த்திகள்தான் என்று நினைப்பவர்களைக் கையோடு அழைத்துப்போய் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் நகரிலுள்ள கொரினியம் அருங்காட்சியகத்தில் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு வெண்கலச் சேவல் இருக்கிறது. உயரம் வெறும் 12.5 செ.மீ. அதன் முன்னால் நின்ற நான் நகர மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன்!

அலகைத் திறந்து கூவுகிறது அந்தச் சேவல். மார்பிலும் இறக்கையிலும் சிறுசிறு குழிகள் வைத்து, கண்ணாடித் தூளை நிரப்பி, சூட்டில் உருக்கிப் பதித்த எனாமல் வேலைப்பாடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நீலமும் பச்சையும் இன்னும் தெரிகின்றன. இந்த வகைச் சேவல்கள் உலகில் எத்தனை கிடைத்திருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அது கிடைத்த இடம்தான் நெஞ்சைப் பிசைகிறது. 2011இல் ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்றை அகழ்ந்தபோது, இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் தலைமாட்டில் இருந்தது. சேவல், மெர்க்குரி தெய்வத்தின் பறவை. இறந்தவர்களை மறுவுலகுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகிறவர் அவர். அத்தனை சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனம் வராத பெற்றோர், துணைக்கு இதை வைத்தார்கள் என்றே நான் நம்புகிறேன். எந்தச் சக்கரவர்த்தியின் சிலையும் எனக்கு இப்படி ஒரு வீட்டின் துக்கத்தைச் சொன்னதில்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தின் மார்ஸ் இன்னொரு அதிசயம். லிங்கன்ஷயரின் ஃபாஸ் டைக் கால்வாயில் 1774இல் கிடைத்த போர்க்கடவுள். ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரம். பீடத்திலுள்ள எழுத்துகளைப் படித்தால் ஒரு கணக்கு நோட்டே விரிகிறது! புருக்கியஸ், கராட்டியஸ் என்ற இருவர் தங்கள் சொந்தப் பணம் 100 செஸ்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். செய்தவர் செலாட்டஸ் என்ற கன்னார். அவரும் தம் பங்காக 3 தெனாரி பெறுமானமுள்ள ஒரு பவுண்டு வெண்கலத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார். ஒரு தெனாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ். ஆக, அவர் கொடுத்தது 12 செஸ்டர்ஸ். காசு கொடுத்தவர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே உழைத்தவர் பெயரும் நிற்கிறது. மகத்தான சிற்பங்கள் எத்தனையோ இருக்க, அவற்றைச் செய்தவர் யாரென்றே தெரியாமல் போன உலகத்தில், இந்தக் கன்னாரின் பெயர் பிழைத்துக் கிடப்பது எவ்வளவு பெரிய பேறு!

அதே மியூசியத்தில் பியர்ஸ்பிரிட்ஜில் கிடைத்த உழவரையும் பார்க்கத் தவறாதீர்கள். மாடு பூட்டி ஏர் ஓட்டும் மனிதர், மேலங்கியோடு. கடவுளும் இல்லை, அரசரும் இல்லை; அதனாலேயே எனக்கு உயிர்.

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிகளில் அலையும் ஆர்வலர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். 2017இல் குளோஸ்டர்ஷயரில் அப்படித் தேடியவர்கள் கண்டெடுத்த புதையலில், நாக்கை நீட்டிய வெண்கல நாய் ஒன்று இருந்தது. நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம்பிய காலத்தின் நாய் அது. நோய் தீர்க்கும் கோயில் ஒன்றுக்கு உரியதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சிலையைவிட அது கிடைத்த இடம்தான் அதிகம் பேசும். குழந்தையின் கல்லறையைத் தவறவிட்டிருந்தால் அந்தச் சேவல் வெறும் அழகுப் பொருளாகியிருக்கும். அதனால்தான் 1997 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய கண்டுபிடிப்புகளை இடத்தோடு பதிவுசெய்யும் திட்டம் நடக்கிறது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உட்கார்ந்தால் விடிந்துவிடும்!

லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோமானிய பிரிட்டனுக்கான 49ஆம் அறையை விட்டுவிடாதீர்கள். கூடவே சைரன்செஸ்டருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பாடிங்டனில் ரயிலேறி கெம்பிளில் இறங்கினால், அங்கிருந்து பக்கம்தான்.