வாலை மறைக்கும் விண்டோஸ்

விண்டோஸ் 11-உடன் இலவசமாக வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வாரக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தபின் முதலில் சொல்ல வேண்டியது, வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை என்பதுதான். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது முழுமையான ஆன்டிவைரஸாக உள்ளே சேர்ந்த இது, ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தில் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. பதிவிறக்கும் கோப்பைத் திறப்பதற்கு முன்பே சோதிக்கிறது, அறிமுகமில்லாத மென்பொருளை ஸ்மார்ட்ஸ்கிரீன் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறது. இவற்றையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். யாரும் போதிய அளவு கோபப்படாத ஒரு குறை மட்டும் அப்படியே நிற்கிறது. டிஃபெண்டர் இரவும் பகலும் காவல் காக்கும் அதே விண்டோஸ், கோப்புப் பெயரின் வாலை நம் கண்ணிலிருந்து மறைத்து வைக்கிறது.

ஒரு கோப்பு வெறும் ஆவணமா, இயங்கக்கூடிய நிரலா என்பதை விண்டோஸ் தீர்மானிப்பதே பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்வரும் சில எழுத்துகளை, அதாவது எக்ஸ்டென்ஷனைப் பார்த்துத்தான். விண்டோஸ் 95 காலம் முதல், தனக்குத் தெரிந்த வகை என்றால் அந்த எழுத்துகளை அது காட்டுவதில்லை. இதற்கு உலகம் கொடுத்த விலை 2000 மே 4 அன்று தெரிந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' என்ற கணினிப் புழுவின் மின்னஞ்சல் இணைப்புக்கு 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று பெயர். கடைசியில் இருந்த விபிஎஸ் மறைந்துபோக, எஞ்சிய டிஎக்ஸ்டியைப் பார்த்தவர்கள் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது, படக் கோப்புகளை அழித்து எழுதியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அதன் பிறகு மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் திருந்தியது, ஆபத்தான இணைப்புகளைத் தடுக்கத் தொடங்கியது. இருபத்தோரு ஆண்டு கழித்து வந்த விண்டோஸ் 11-இலும் வால் மறைந்தே இருக்கிறது.

இன்னும் எரிச்சலூட்டுவது, டிஃபெண்டரின் பாதுகாப்புப் பக்கம் எதற்கு எச்சரிக்கிறது என்பது. மைக்ரோசாஃப்டின் சொந்த இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் கணக்கு அமைக்கவில்லை என்றால் மஞ்சள் முக்கோணம் காட்டி நினைவூட்டுகிறது. ஆவணங்களைப் பணயமாகப் பிடிக்கும் ரேன்சம்வேரைத் தடுக்க 2017-இல் கொண்டுவந்த கோப்புறைக் காவல் வசதியோ இயல்பில் அணைந்தே கிடக்கிறது. எக்ஸ்டென்ஷன் மறைந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பயனரின் பாதுகாப்பை மட்டுமே மனதில் வைத்து எழுதிய பட்டியலாக இது தெரியவில்லை.

எக்ஸ்டென்ஷனைக் காட்டினால் பெயர் மாற்றும்போது அதையும் அழித்துவிடுவார்கள், பிறகு கோப்பு திறக்காது என்று ஒரு வாதம் உண்டு. அந்தச் சிக்கலை விண்டோஸ் விஸ்டாவே தீர்த்துவிட்டது. பெயர் மாற்றும்போது புள்ளிக்கு முன் உள்ள பகுதியை மட்டுமே விண்டோஸ் தேர்ந்தெடுக்கிறது, வாலில் கை வைத்தால் எச்சரிக்கிறது. ஐகானைப் பார்த்தாலே தெரியுமே என்பார்கள். இஎக்ஸ்இ கோப்பு தன் ஐகானைத் தானே சுமந்து வருகிறது, பிடிஎஃப் வேடம் போடுவது அதற்கு எளிது. எதுவானாலும் டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பது மூன்றாவது வாதம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப்பை அனுப்பி, கடவுச்சொல்லை மின்னஞ்சலிலேயே எழுதிவைத்தால், பூட்டு திறக்கும்வரை கணினியில் உள்ள ஆன்டிவைரஸால் பொதுவாக உள்ளே பார்க்க முடியாது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் இடும் அடையாளம், ஐஎஸ்ஓ என்னும் வட்டுப் பிம்பக் கோப்புக்குள் இருந்தவற்றுக்குச் செல்லாமல் இருந்தது, அந்த ஓட்டை 2022 நவம்பரில்தான் அடைபட்டது. காவலன் தவறவிடும் நேரங்களில் மிச்சம் இருப்பது பயனரின் கண் மட்டுமே.

எக்ஸ்டென்ஷனைக் காட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதும் உண்மை. எல்என்கே என்னும் குறுக்குவழிக் கோப்பின் வால் அப்போதும் தெரியாது. வலமிருந்து இடமாக எழுத்தைத் திருப்பும் யூனிகோட் குறியைப் பெயரின் நடுவில் நுழைத்து, இஎக்ஸ்இ கோப்பைப் பிடிஎஃப் போலவே முடியவைக்கவும் முடியும். ஆனால் எல்லாத் திருடனையும் தடுக்காது என்பதற்காக யாரும் கதவைத் தாழிடாமல் விடுவதில்லை. மின்கட்டண ரசீது என்று வந்த கோப்பு இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், எம்எஸ்ஐ என்று முடிந்தால் அது ரசீது அல்ல என்பதைப் பள்ளிப் பிள்ளையும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள முதலில் அது கண்ணில் பட வேண்டும்.

டிஃபெண்டரை நம்பலாம், விண்டோஸின் இந்த இயல்பை நம்பக்கூடாது. இன்றே ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, அதில் ஷோ, அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியிலும் மறக்காமல் செய்துகொடுங்கள்.