ஷேக் சின்ன மௌலானாவின் மூச்சு

ஷேக் சின்ன மௌலானா என்றாலே "ஸ்ரீரங்கத்தில் ஒரு முஸ்லிம் நாதஸ்வரக்காரர்" என்று நம்மாளுங்க நெகிழ்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த நெகிழ்ச்சி மேல்தான் சந்தேகம். ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த அவருக்கு நாதஸ்வரம் குடும்பத் தொழில். அதில் அதிசயம் இல்லை. வாசிக்கத் தெரிந்த பிறகும் ராஜரத்தினம் பிள்ளையின் இசையில் மயங்கி, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றாரே, அதுதான் அதிசயம்.

ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அமெரிக்க மேடைவரை போனார். 1998இல் சங்கீத கலாநிதி, மறுவருடம் மறைந்தார். வீதியின் இரைச்சலை மீறப் பிறந்த வாத்தியத்தை, வாய்ப்பாட்டு மாதிரி குழைய வைத்தவர். நல்லிணக்கச் சான்றிதழாக மட்டும் அவரைத் தூக்கிப் பிடித்தால் இந்த உழைப்பு காணாமல்போகும். முதல்ல ஒரு ஆலாபனையை முழுசாக் கேளுங்க. பெயரை அப்புறம் பாத்துக்கலாம்.