நூலகப் பயிற்சியும் எழுத்தறிவும்

தில்லி நூலகங்களை இணைக்க 1988இல் தொடங்கப்பெற்று 1992இல் சங்கமாகப் பதிவுபெற்ற தெல்நெட், கூட்டு நூற்பட்டியலோடு பணியாளர் பயிற்சியையும் மேற்கொண்டது. இன்று ஊடாட்ட இணையத்தின்வழி வாசகரே பட்டியலில் திருத்தம் முன்மொழிய இயலும். மொழி நோக்கில் இதன் பயன் பெரிது. மேற்கீழ்க் குறிகளற்ற உரோமன் எழுத்தில் 'கலி', 'களி', 'காளி' மூன்றும் ஒரே வடிவாகின்றன. 'கழி'யோ எழுதுவோர் வழக்கிற்கேற்ப அவற்றோடு சேரும் அல்லது பிரியும். 2001இல் வெளியான ஐஎஸ்ஓ 15919 தரம் இவற்றை வேறுபடுத்துகிறது எனினும், தேடுவோர் அக்குறிகளை இடுவது அரிது. வாசகர் தமிழ் எழுத்திலேயே தலைப்பைத் தந்தால் மயக்கம் நீங்கும். ஆனால் அதனை ஏற்கவேண்டிய பணியாளர் தமிழறியாதவராயின்? பொத்தான்களைக் காட்டுவதோடு நிற்கும் பயிற்சி இவ்விடத்தில் பயன்படாது. திருத்தத்தை நூலின் தலைப்புப் பக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடப் பழக்குதல் வேண்டும். அதற்குத் தமிழ் எழுத்தறிவு போதும், புலமை வேண்டா.