ஒடியற் கூழின் பக்குவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் குடும்பமும் அயலும் ஒன்றாக இருந்து குடிக்கும் உணவு ஒடியற் கூழ். மீன், நண்டு, இறால், கிழங்கு, கீரை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே பானையில் வெந்து, பழப்புளியும் செத்தல் மிளகாயும் ஏறி, கடைசியில் பனங்கிழங்கு மாவால் தடிப்பாகிறது. குடித்தவர்கள் நண்டைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் நண்டும் இறாலும் எந்தக் கடற்கரை ஊரின் குழம்பிலும் உண்டு. கூழைக் கூழாக்குவது ஒடியல் மா. சமைப்பவரின் கைத்திறமும் அதைக் கையாள்வதில்தான் தெரியும்.

அந்த மாவின் வேலை பனம்பழக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பழத்தின் களியை எடுத்த பின் மிஞ்சும் கொட்டைகளை மணற்பாங்கான நிலத்தில் பாத்தி போட்டு நெருக்கமாக அடுக்கி மூடுவார்கள். வடகீழ்ப் பருவமழை பாத்தியை நனைக்கும்; கொட்டை முளைவிட்டு, முளை மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும். தைப் பொங்கலை ஒட்டிப் பாத்தியைக் கிண்டுவார்கள். கிழங்கைத் தோலுரித்து, நெடுக்காகக் கிழித்து, பச்சையாகவே வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்துக் காயவிட்டால் புளுக்கொடியல். அதைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துச் சாப்பிடலாம், கூழுக்கு உதவாது. அவிக்கும்போதே மாப்பொருள் வெந்துவிடுவதால், பிறகு இடித்துக் கரைத்தாலும் பச்சை மாவைப் போல இழுத்துப் பிடிக்காது.

காய்ந்த ஒடியல் விறகுபோலக் கடினமானது. உடைத்து, உரலில் இடித்து, தும்பு போக அரித்தெடுப்பது பழைய முறை. இப்போது பெரும்பாலும் ஆலை. நன்றாகக் காய்ந்த கிழங்கின் மா வெளிறிய நிறத்தில், மண்ணும் கிழங்கும் கலந்த ஒரு மணத்தோடு இருக்கும். காய்ச்சலின் நடுவே மழை பட்டதென்றால் நிறம் மங்கும், பூஞ்சண வாடையும் ஏறும். அந்த வாடையை எந்த மீனாலும் மறைக்க முடியாது.

மாவுக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. அதனால் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து வைத்துவிட வேண்டும். அரைமணி, ஒருமணி நேரத்தில் மா அடியில் படியும். மேலே நிற்கும் மஞ்சள் கலந்த கலங்கல் நீரைப் பாத்திரத்தை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டுப் புது நீர் விடுவார்கள். எத்தனை தரம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒருமுறையோடு நிறுத்தினால் கசப்பு நாக்கின் அடியில் தங்கும். அளவுக்கு மீறிக் கழுவினால் பனையின் வாசமும் சேர்ந்து போய், வெறும் பசைதான் மிஞ்சும். கசப்பின் ஒரு நிழல் மட்டும் நிற்கும் இடத்தில் நிறுத்தத் தெரிவதே பழக்கம். புளியும் உறைப்பும் அந்த நிழலோடு சேரும்போதுதான் கூழுக்கு ஆழம் வருகிறது.

பானைக்குள் போகும் ஒழுங்கு வேகும் நேரத்தைப் பொறுத்தது. ஒரு கைப்பிடி அரிசி, தோல் நீக்கிய பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள், விரல் நீளத்தில் முறித்த பயிற்றங்காய் ஆகியவை முதலில். மரவள்ளி சேரும் பானையை மூடாமல் அவிப்பதும், அதில் இஞ்சி சேர்க்காமல் விடுவதும் வடபகுதியில் எளிதில் மீறப்படாத விதிகள். கிழங்கு பாதி வெந்ததும் மீன் தலைகள், உடைத்த நண்டு; அதன் பின் மீன் துண்டுகள், கணவாய், இறால். ஒரே பெரிய மீனை வெட்டிப் போடுவதைவிட ஒட்டி, ஓரா, திருக்கை என்று பலதும் கலப்பதே நல்லது. சதை ருசியைக் கொடுக்கும். தலையும் முள்ளும் சாற்றுக்கு ஒரு பிசுக்கைக் கொடுக்கும். விலையுயர்ந்த இறாலை அள்ளிக் கொட்டி, தலைகளைத் தவிர்த்துவிடும் உணவகக் கூழ் மெலிவாக இருப்பதன் காரணம் இதுதான். முருங்கையிலை கடைசியில், வதங்கினால் போதும்.

செத்தல் மிளகாயை உப்போடு அம்மியில் பசையாக அரைப்பார்கள். மிளகாய்த்தூள் போட்டாலும் கூழ் ஆகும்; ஆனால் உறைப்பு மேலே மிதக்கும், அரைத்த கூட்டைப் போலச் சாற்றோடு கலக்காது. பழப்புளியைக் கரைத்துப் பிந்தித்தான் விடவேண்டும். முந்தி விட்டால் கிழங்கும் பயிற்றங்காயும் வேகாமல் விறைத்து நிற்கும், ஏனென்றால் புளிப்பில் காய்கறியின் நார் எளிதில் இளகாது.

இனி மா. வடித்தெடுத்த மாவில் புளிக்கரைசலையும் மிளகாய்க் கூட்டையும் சேர்த்துக் கரைத்து, நெருப்பைத் தணித்து, ஒரு கை ஊற்ற மறு கை அகப்பையால் அடி பிடிக்காமல் துழாவும். கரைசல் குளிர்ந்ததாக இருக்கவேண்டும். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் வெந்து உள்ளே பச்சை மா அடைபட்ட கட்டிகளாகிவிடும். சில நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு நுரை அடங்கி, சாறு மினுங்கி, கொதி கனமான குமிழ்களாக மாறி அங்கங்கே வெடிக்கும். அகப்பையை உயர்த்தினால் நூலாக ஒழுகவும் கூடாது, தொப்பென்று விழவும் கூடாது. ஆறும்போது கூழ் இன்னும் இறுகும் என்பதால், விரும்பிய தடிப்புக்குச் சற்று முன்பே இறக்குவார்கள். பத்துப் பேருக்கான பானைக்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த மாவே போதும். கூடினால் அது கூழல்ல, களி.

குடிப்பது சுடச்சுட. பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திய தொன்னையோ பனையோலைப் பிளாவோ இருந்தால் சூட்டில் இலையின் வாசமும் கூடச் சேரும். முற்றத்து அடுப்பைச் சுற்றி இருந்து, கண்ணும் மூக்கும் வழிய, நண்டுக் காலைக் கையால் எடுத்து உறிஞ்சியபடி குடிக்கும்போது மேசை நாகரிகத்துக்கு இடமில்லை. இரண்டு பேருக்கென்று சின்னச் சட்டியில் காய்ச்சும் கூழ் அநேகமாகச் சரிவராது. இத்தனை வகை மீனும் கிழங்கும் அதற்குள் அடங்காது.

மச்சம் சாப்பிடாத வீடுகளில் கிழங்கு, பலாக்கொட்டை, கீரையைக் கூட்டிச் சைவக் கூழ் காய்ச்சுவதுண்டு. மீனின் பின்பலம் இல்லாததால் மாவின் தரம் அதில் ஒளிக்க முடியாமல் தெரிந்துவிடும். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் கூழ் வேறு. அது அரிசிமா, பயறு, தேங்காய், பனங்கட்டி சேர்ந்த இனிப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கூழ் என்றதும் அதுவே முதலில் நினைவுக்கு வரும்.

போர்க்காலத்தில், 1990களின் பொருளாதாரத் தடையில் கடைப் பொருட்கள் அருகியபோதும், பனை வடபகுதி வீடுகளுக்குக் கைகொடுத்தது. புலம்பெயர்ந்தவர்களோடு கூழும் பயணப்பட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளில் ஒடியல் மா பொதிகளாகக் கிடைக்கிறது. மீன் அந்தந்த ஊர்க் கடலுடையது, பலாக்கொட்டை உறையவைத்தது. இவை பெரிய குறையல்ல. மா போதாமல் அரிசிமாவைக் கலப்பதுதான் குறை. தடிப்பு வரும், நிறமும் ஏறத்தாழ வரும், பனையின் மணம் வராது. பொதியில் வரும் மா சில வேளை அலமாரியில் நெடுநாள் இருந்திருக்கும். வாங்கியதும் ஒரு சிட்டிகையை நனைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பழைய வாடை இருந்தால் அந்த மாவைக் கூழுக்கு எடுக்காமல் விடுவது நல்லது.