வந்து நின்றால் போதுமா?

மட்டையில் பட்ட பந்து வலது பக்கமாக உயர்கிறது. அங்கே நிற்கும் பெண் இரண்டடி பின்னால் போய்க் கையுறையைத் தூக்குகிறார். பந்து அவருக்குத்தான். அதற்குள் நடுத்திடலிலிருந்து ஓர் இளைஞர் ஓடிவந்து, “விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்” என்று குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுகிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். அக்காவும் கைதட்டுகிறார்.

ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் தொடக்கநிலை சாஃப்ட்பால் அணியின் நிறையும் குறையும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும். அந்த அக்காவைத் திடலுக்குக் கொண்டுவந்தது ஆட்ட விதி. அவருக்கு வந்த பந்தை வாங்கிக்கொண்டது மரியாதை.

பாகான் டத்தோ போன்ற வட்டாரத்தில் இப்படி ஓர் அணியைக் கட்டுவது எளிதுதான் என்று தோன்றும். 2017-இல் பேராக்கின் 12-ஆவது மாவட்டமான இந்தக் கடலோரப் பகுதியில் தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே தோட்டத் திடல்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளியில் சாஃப்ட்பாலோ அதை ஒத்த ‘போலா லிசுட்’டோ ஆடிப் பார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். கிட்டிப்புள் ஆடிய கைகளும் உண்டு. பறக்கும் கட்டையைப் பார்த்து அடித்தவருக்கு மட்டை புதிதாக இருக்கலாம், அடி புதிதல்ல. இந்த ஆட்டமே கையில் கிடைத்ததை வைத்துப் பிறந்ததுதான். 1887-இல் சிகாகோவின் ஃபாராகட் படகுச் சங்கத்தில் ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார். துடைப்பக் கம்பு மட்டையானது. வசதி இல்லை என்பது இந்த ஆட்டத்துக்குத் தடையாக இருந்ததில்லை.

கலப்பு ஆட்டத்தின் அடிப்படை விதி எளியது. பத்துப் பேரில் ஐந்து பேர் ஆண்கள், ஐந்து பேர் பெண்கள். மட்டை பிடிக்கும் வரிசையில் ஆண், பெண் என மாறி மாறி வரவேண்டும். பல லீக்குகளில் ஒரு பெண் வரவில்லையென்றால், அவர் முறை வரும்போதெல்லாம் அணிக்கு ஓர் ‘அவுட்’ விழும்.

இந்த விதியின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. படிவம் ஐந்து முடிந்ததும் நம் பெண்களில் பலருக்கு விளையாட்டு முடிந்துவிடுகிறது. மாலை ஐந்தரைக்கு ஆண் திடலுக்குப் போனால் அது பொழுதுபோக்கு. பெண் போனால் ‘அடுப்பை யார் பார்ப்பது?’ என்ற கேள்வி. ஐந்து பெண்கள் கட்டாயம் என்ற விதி அந்தக் கேள்வியை அணியின் கேள்வியாக மாற்றிவிடுகிறது. பயிற்சி நேரத்தை மாற்றுவது, பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிவரச் சொல்வது, வீட்டில் ஒரு வார்த்தை பேசுவது என்று பயிற்றுநர் இறங்கி வேலை செய்தாக வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

குறையும் அதே இடத்தில்தான் முளைக்கிறது. ஆள் குறைந்தால் அவுட் என்றவுடன், பெண்ணின் வருகை அணியின் தேவையாகிறது; அவருடைய ஆட்டம் ஆகவில்லை. “சும்மா வந்து நின்னா போதும்க்கா” என்று அழைப்பு போகிறது. அவரும் வந்து நிற்கிறார். பந்து குறைவாக வரும் இடம் பார்த்து நிறுத்துகிறார்கள். வலக்கை ஆட்டக்காரர் இழுத்து அடித்தால் பந்து பெரும்பாலும் இடப்பக்கம் போகும். ஆகவே பெண்ணுக்கு வலது மூலை. பந்தை மெதுவாக வளைத்து வீசும் மெதுவீச்சு ஆட்டத்தில் பேஸ் திருடும் ஓட்டம் பெரும்பாலும் கிடையாது; அதனால் மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சருக்கு வேலை குறைவு. ஆகவே இன்னொரு பெண் கேட்சர். வெளித்திடலில் இரண்டு பெண்கள், உள்திடலில் இரண்டு பெண்கள், பிட்சர்–கேட்சர் இணையில் ஒருவர் என்று பிரித்தே கொடுக்கும் விதியும் உண்டு. அந்த விதியில் ஒரு புள்ளி மீறாமலேயே ஐந்து பெண்களையும் ஆட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட முடியும்.

மலேசியருக்கு நன்கு தெரிந்த கலப்பு ஆட்டம் பூப்பந்து. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சான் பெங் சூன்–கோ லியூ யிங் இணை கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றதை நாடே பார்த்தது. அங்கே பெண் வலை அருகே, ஆண் பின்னால் என்று வேலை பிரிந்திருக்கும். ஆனால் யாரும் ஒளிய முடியாது. எதிரணி இருவரையும் தேடித் தேடி அடிக்கும். சாஃப்ட்பால் திடல் பெரிது. ஒருவரை ஒளித்துவைக்க இடம் இருக்கிறது. அதனால்தான் பூப்பந்தில் எதிரணி செய்யும் வேலையைச் சாஃப்ட்பாலில் பயிற்றுநர் செய்ய வேண்டியிருக்கிறது.

பெண்ணைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட விதிகளும் சோதித்துப் பார்க்க வேண்டியவையே. ஆண் மட்டையாளருக்கு வேண்டுமென்றே தவறாகப் பந்து வீசி, அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகும் ‘வாக்’ கொடுத்துவிட்டு, அடுத்து வரும் பெண்ணைச் சுலபமாக அவுட்டாக்கும் தந்திரம் ஒன்று உண்டு. அதைத் தடுக்க, ஆணுக்கு வாக் கொடுத்தால் இரண்டு பேஸ் என்று அமெரிக்கக் கலப்பு ஆட்டத்தில் தண்டனை வைத்திருக்கிறார்கள். தந்திரம் நின்றது, நல்லதுதான். ஆனால் பெண்தான் பலவீனமான மட்டை என்ற கணிப்பு விதிக்குள்ளேயே குடியேறிவிட்டது. பள்ளிக் காலத்தில் சாஃப்ட்பால் ஆடிய ஒரு பெண்ணும், காற்பந்தைத் தவிர வேறெதுவும் அறியாத ஓர் ஆணும் அடுத்தடுத்து நிற்கும் அணியை நினைத்துப் பாருங்கள். இங்கே அந்தப் பெண்ணுக்கு வாக் கொடுத்து ஆணை அவுட்டாக்கலாம். அதற்குத் தண்டனை கிடையாது. 1996 முதல் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் இடம்பெற்றபோதெல்லாம் பெண்கள் ஆட்டமாகவே நடந்தது என்பதை நினைத்தால் இந்தக் கணிப்பு இன்னும் விந்தையாகத் தெரியும்.

‘அப்படியானால் ஆண், பெண் கணக்கை விட்டுவிட்டு, அனுபவத்தை வைத்துச் சலுகை கொடுக்கலாமே’ என்று கேட்கலாம். புதியவர் மட்டை பிடிக்கும்போது வெளித்திடலார் ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்கட்டும், அவர் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிக்கல்: ஆணையும் பெண்ணையும் நடுவர் எண்ணிவிடலாம், அனுபவத்தை எண்ண முடியாது. “நானும் புதுசுதான் சார்” என்று பள்ளி அணியின் முன்னாள் ஆட்டக்காரர் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். ஆகவே போட்டியில் ஐந்துக்கு ஐந்து இருக்கட்டும். அனுபவக் கணக்கை ஆளறிந்த பயிற்றுநர் பயிற்சியில் வைத்துக்கொள்ளட்டும்.

எந்த வகை ஆட்டம் என்பது அடுத்த முடிவு. பள்ளிகளில் பழக்கமான வேகவீச்சில் பெண்களுக்கு 43 அடி தூரத்திலிருந்து பந்து வரும். கையைக் காற்றாலைபோல் சுழற்றி வீசும் அந்த முறை கைகூட மாதக்கணக்கில் ஆகும். புதியவர் வீசினால் வாக்குக்கு மேல் வாக். மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். மெதுவீச்சில் 50 அடியிலிருந்து குறைந்தது ஆறடி உயரத்துக்கு வளைந்து பந்து வரும். யாரும் அடிக்கலாம், திடலில் எல்லாருக்கும் வேலை. புதியவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் அதற்கும் விலை உண்டு. பலசாலி ஓங்கி அடித்தால் பிட்சர் முகத்துக்கு நேரே பந்து வரும். மட்டையால் பந்தை மெல்லத் தொட்டுவிடும் பன்ட், பேஸ் திருடல் போன்ற நுட்பங்களைக் கற்றவருக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. அந்த நுட்பங்கள் தெரிந்தவர் அணியில் பெண்ணாகவும் இருக்கலாம் என்பதைப் பயிற்றுநர் மறக்கக்கூடாது.

பயிற்று முறையிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எறிதல், பிடித்தல் என்று தனித்தனியாகப் பயிற்றுவது. மற்றது, ஆட்டத்தின் வழியே பயிற்றுவது. 1982-இல் இங்கிலாந்தின் லஃப்பரோவைச் சேர்ந்த பங்கர், தோர்ப் இருவரும் ‘ஆட்டத்தைப் புரியவைத்துக் கற்பித்தல்’ என்ற முறையை முன்வைத்தார்கள்: தனித்தனிப் பயிற்சிகளை அடுக்காமல், சிறு ஆட்டங்கள் வழியே விளையாட்டறிவை வளர்ப்பது. புதியவர்களுக்கு அலுப்புத் தட்டாது. பந்து வந்தபின் எங்கே எறிவது என்ற யோசனை முதல் நாளே வரும். ஆனால் எறியவே தெரியாதவர் ஆட்டத்துக்குள் போனால் அதை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார். பந்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் உருட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

எறிதல் இந்த அணியின் ஆறாத புண். ஜெர்ரி தாமஸ், கேரன் ஃபிரெஞ்ச் இருவரும் 1985-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓட்டம், தாவல் எல்லாவற்றையும்விட எறிவதில்தான் ஆண், பெண் இடைவெளி பெரிதாக இருந்தது. அதுவும் சிறு வயதிலேயே. 2010-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளிடையே தாமஸ் குழு பார்த்தபோது அந்த இடைவெளி குறைந்திருந்தது, மறையவில்லை. ஆக, பழக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு பயிற்றுநரின் கையில் இருக்கிறது. ‘பெண்களுக்குத் தோளில் பலமில்லை’ என்று இந்த மண்ணில் நின்று சொல்வது அழகுமல்ல. 1906-இல் டென்மார்க்குக்காரர் ரப்பர் தோட்டமாகத் தொடங்கிய ஜெண்டராட்டா இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. விடியுமுன் பால்மரம் வெட்டி, நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்களின் பேத்திகள் இவர்கள். குறைவது பலமல்ல, பழக்கம்: எதிர்க்காலை முன்வைப்பது, இடுப்பைத் திருப்புவது, முழங்கையைத் தோளுயரத்துக்குக் கொண்டுவருவது.

இனி ஒரு சின்னக் கணக்கு. பத்துப் பேர், ஒரு மட்டை, ஒரு மணி நேரம். ஒருவருக்கு ஆறு நிமிட அடி. மீதி 54 நிமிடம் திடலில் நிற்க வேண்டும். புதியவர் அடித்த பந்து பெரும்பாலும் பிட்சர் காலடியிலேயே உருளும். வலது மூலைக்கு ஒன்றிரண்டு வந்தாலே பெரிது. அதே பத்துப் பேரை ஐந்து இணைகளாக நிறுத்தி, ஆறு நொடிக்கு ஓர் எறி என்று பத்தே நிமிடம் எறியவிட்டால் ஒவ்வொருவரும் 50 முறை எறிந்து 50 முறை பிடித்திருப்பார்கள். பயமுள்ளவருக்கு முதலில் டென்னிஸ் பந்து கொடுக்கலாம். ஐந்தரைக்குத் தொடங்கினால் இருட்டுவதற்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே தேறுகிற, நடுவில் இடிமழை வந்து கலைக்கும் ஊரில் இந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான பயிற்சி. அதன் பிறகு ஐந்துக்கு ஐந்து எனச் சிறு ஆட்டம். இரண்டு வழிகளுக்கும் அதில் இடமுண்டு. எறிதல் முதலில், ஆட்டம் அடுத்து என்பதுதான் வரிசை.

பயிற்றுநர் எழுதிவைக்க வேண்டியது ஓட்டக் கணக்கு மட்டுமல்ல. ஆளுக்கு எத்தனை பந்து கைக்கு வந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வந்தாலே போதும். யார் ஆடுகிறார், யார் நிற்கிறார் என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். கூடவே ஒரு கட்டளை: பந்து யார் எல்லையில் விழுகிறதோ அவர் “எனக்கு!” என்று கத்த வேண்டும்; கத்திவிட்டால் வேறு யாரும் பக்கத்தில் போகக்கூடாது.

போகாவிட்டால் என்ன ஆகும்? அக்கா பந்தைத் தவறவிடுவார். எதிரணிக்கு இரண்டு ஓட்டம் போகும். சில வாரம் அணி தோற்கும். அண்ணன்மார் முகம் சுளிப்பார்கள். அந்த இரண்டு ஓட்டத்தைக் கொடுக்க மனமில்லாத பயிற்றுநர், கலப்பு அணி என்ற பெயரை எடுத்துவிட்டு, ஐந்து பேர் ஆடும் அணி என்றே எழுதிவைத்துக்கொள்ளலாம்.